எடையின் நகல்

எங்கள் அலுவலக கேன்டீன்காரருக்கு என் தேநீர் தெரியும். சர்க்கரை அரை ஸ்பூன், பால் கொஞ்சம் தூக்கலாக. சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு பதினாறு வருடமாக விரலைக் காட்டினால் போதும்.

உங்கள் விசாரணைக் குழுவில் நிரல் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் இப்படியே விளக்குகிறேன். நாங்கள் எழுதும் மொழியோடு ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று ஒரு கருவிப்பெட்டி வருகிறது. அதில் பைண்ட் என்று ஒரு கருவி. ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு கணக்கைச் செய்யும் நிரல் துண்டுக்கு, மூன்று விவரம் தேவையென்றால், ஒன்றை முன்கூட்டியே அதோடு முடிச்சுப் போட்டுவிடலாம். பிறகு மற்ற இரண்டைக் கொடுத்தால் போதும். முடிச்சுப் போடும் நேரத்தில் என்ன மதிப்பு இருக்கிறதோ அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நாளைக்கே எனக்குச் சர்க்கரை நோய் வந்தாலும் கேன்டீன்காரர் அரை ஸ்பூன் போடுவார் அல்லவா, அதுபோல. மதிப்பு மாறும்போது அதற்கும் தெரிய வேண்டுமென்றால், ரெஃப் என்ற உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது நகல் இல்லை. ஒவ்வொரு முறையும் மூலத்தையே போய்ப் பார்க்கும்.

நாங்கள் செய்வது மயக்க மருந்து செலுத்தும் மெஷின். எந்த மருந்து, நோயாளியின் எடை என்ன, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் வைத்து அளவைக் கணக்கிடும். இதில் எடையைத்தான் எங்கள் குழுத் தலைவி முடிச்சுப் போட்டிருந்தாள். ரெஃப் உறையோடு, சரியாக.

அவளுக்கு அலுவலகத்தில் ‘ஏனம்மா’ என்று பெயர். எதை எடுத்தாலும் ஏன் என்பாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். வந்த புதிதில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டாள். ஆறாவது வருடம் எங்கள் குழுவுக்கு அவளைத் தலைவியாக்கினார்கள். நான் கைதட்டினேன். வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே, “உங்ககிட்ட கத்துக்கிட்ட பொண்ணா இப்ப உங்களுக்கு லீவு குடுக்கணும்?” என்று கேட்டாள். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தலைவியான பிறகும் தான் எழுதியதை என்னிடம் காட்டாமல் வெளியே விடமாட்டாள். அன்றும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“இந்த ரெஃப்பை எடுத்துடும்மா,” என்றேன்.

“ஏன்ணா? எடுத்தா நகல்தானே உள்ள போகும்? அடுத்த நோயாளி வந்தா பழைய எடையே நிக்குமே.”

“ரெஃப் போட்டா, அந்த எடை இருக்கிற இடம் நடுவுல அழிஞ்சா என்ன ஆகும்? மெஷின் பாதியில தொங்கி நின்னுடும். நகல்தான் பத்திரம். அடுத்த நோயாளிக்கு எப்படியும் மெஷினை அணைச்சுத்தான் போடுவாங்க. கையேட்டுல நாமதானே எழுதியிருக்கோம்.”

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படித் தொங்கிய நிரல்கள் உண்டு. கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வருடம் மூன்று வாரம் ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்து, நர்ஸ்கள் மெஷினை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெடுத்தவன் நான். அணைத்துப் போட்டால் நான்கு நிமிடம் பிடிக்கும். ஒருவரும் அணைக்கமாட்டார்கள்.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீங்க சொன்னா சரிண்ணா,” என்று எடுத்துவிட்டாள்.

சோதனைகளை எழுதியது நான். ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு நோயாளி. எல்லாம் தேறின.

நான் நினைத்தது சின்ன விஷயம். மேலதிகாரிகள் முன்னால் மெஷினை இயக்கிக் காட்டும்போது கணக்கு தப்பும், அவள் மானம் போகும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் ஒரே நோயாளிக்கு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மெஷின்கள் மருத்துவமனைகளுக்குப் போயின.

மூன்றாவது வாரம் ஒரு புகார் வந்தது. ஒரு பெரியவர் எழ வேண்டிய நேரத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறார். அவருக்கு முன்னால் மெஷினில் இருந்தவர் அவரைவிடப் பருமனானவர். படித்த உடனே எனக்குப் புரிந்தது. ‘மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை’ என்று எழுதி முடித்துவைத்தேன். யோசித்துத்தான் செய்தேன். கிழவர் எழுந்துவிட்டார். இந்த அளவு தவறுக்கு அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள்.

ஐந்தாவது வாரம் அந்தக் குழந்தை. முழங்கை எலும்பு பிசகி வந்திருந்தாள். அரை மணி நேர வேலை. அவள் பிறகு எழவே இல்லை. எடை ஒன்பது கிலோ. அவளுக்கு முன்னால் அதே மெஷினில் இருந்தவர் எண்பத்தொரு கிலோ. ஒன்பது மடங்கு மருந்து போயிருக்கிறது. கணக்கு அந்த வகையில் மிகத் துல்லியமாக இருந்தது.

மெஷினின் பதிவுகளை எடுத்துவர ஏனம்மாவும் நானும்தான் போனோம். நர்ஸ் எங்களை நடையிலேயே பிடித்துக்கொண்டார். “சார், நான் எடையைச் சரியாத்தான் போட்டேன். ரெண்டு தடவை பார்த்தேன். திரையிலயும் ஒன்பதுன்னுதான் காட்டுச்சு.”

திரை மூலத்தைப் பார்க்கும். மருந்து நகலைப் பார்க்கும். அவர் இருபது தடவை பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

“தெரியும்மா,” என்றேன்.

நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்சம் தள்ளி, பெஞ்சில், குழந்தையின் அப்பா ஒரு காலணி ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏனம்மா அவரிடம் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

உங்கள் குழு கேட்டபோது, “நான்தான் எடுத்தேன்,” என்றாள். யார் சொல்லி என்று கேட்டதற்கு, “யாரும் சொல்லல. ப்ரோக்ராம் என்னோடது,” என்றாளாம். அன்று படிக்கட்டில் அவளை நிறுத்தி ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க. அதைச் சரிபார்க்க வேண்டியது நான்தானேண்ணா,” என்றாள். அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். வழக்கும் அவள் பெயரில்தான் நடக்கிறது. வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதும் இல்லை என்று அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். “உங்க பேச்சைத்தான் கேப்பா, ஒரு தடவை வந்து பாருங்க,” என்றார். போகவில்லை. அவளுடைய அறையில் இப்போது நான் உட்கார்கிறேன்.

இரண்டு மாதம் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். போன திங்கட்கிழமை உங்கள் அறிக்கையின் வரைவு வந்தது. பதினான்காம் பக்கத்தில் என்னைப் பற்றி, ‘மூத்த பரிசோதகருக்கு இந்தக் கருவியைப் பற்றிய போதிய அறிவு இல்லை, பிழையைக் கவனிக்கத் தவறிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி என்பது இதுதான் என்று நினைக்கிறேன். உறையை எடுக்கச் சொன்னது நான். என்ன ஆகும் என்று முழுக்கத் தெரிந்து சொன்னேன். மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதினான்காம் பக்கத்தை மட்டும் திருத்திவிடுங்கள்.