பதினோராவது வளை

சாயங்காலம் நாலரை மணி. ஜனவரி மாசம். நம்ம ஃபால் ரிவர் ஊர்ல அந்த நேரத்துக்கே இருட்டிடும். ஆத்தோரம் பழைய துணி மில்லுக்குப் பின்னாடி ஒரு ரோடு போகுதே... ஒரு பக்கம் ஜன்னல் உடைஞ்ச மில்லு, இன்னொரு பக்கம் தண்ணி. ஆள் இல்ல, லைட் இல்ல. ஒரே ஒரு வண்டி ஊர்ந்து போகுது. அதுல வால்தெமார்.

அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வை, கண்ணைக் கூசுது. கரண்ட் இப்போதைக்கு வராது. கம்பியெல்லாம் பனி உறைஞ்சு தொங்குது, காலைல வரைக்கும் இந்தக் கிளப்லதான் கிடக்கணும். கிட்ட வந்து உக்காருங்க.

என்கூட மீன் ஃபாக்டரியில வேலை பார்க்கிற ஒராசியோவைத் தெரியுமில்ல... அவன் அக்கா புருஷன்தான் வால்தெமார். எலி ஒழிக்கிறது தொழில். ஊர்ல பாதி பேக்கரி அவன் கையில. கெட்டிக்காரன், அதைச் சொல்லணும். சுவரோரம் டார்ச் அடிச்சுப் பார்ப்பான். எலி உடம்பு உரசி உரசிக் கறுப்பா ஒரு பிசுக்குக் கோடு விழுந்திருக்கும். அதை வச்சே எங்க நுழையுது, எங்க தூங்குதுன்னு சொல்லிடுவான். கட்டைவிரல் போற ஓட்டையைக்கூட விடமாட்டான். கம்பி நாரைத் திணிச்சு சிமென்ட் பூசிட்டுத்தான் கிளம்புவான்.

ஆனா இரக்கம்னு ஒண்ணு... அது அவன்கிட்ட இல்ல. பசை அட்டையில ஒட்டிக்கிட்டு எலி கத்தும் பாருங்க, உடனே கொல்ல மாட்டான். "கத்தட்டும், மத்ததுக்குப் பயம் வரும்"பான். மத்ததுக்குப் பயம் வராது. அது அவனுக்கும் தெரியும்.

அன்னிக்கு அவனைக் கூப்பிட்டது பாச்செக்கோ. மில்லுக்குப் பின்னாடி, இறைச்சியைக் குடல்ல அடைச்சுப் புகை போட்டு சாசேஜ் பண்ற கடை வச்சிருக்காரே, அவரேதான். மறுநாள் காலைல சுகாதார ஆபீசர் வரார். கடையோட பின்சுவரை ஒட்டி வரிசையா எலி வளை. ராத்திரிக்குள்ள ஒண்ணு மிஞ்சக் கூடாதுன்னுட்டார்.

வால்தெமார்கிட்ட ஒரு மிஷின் உண்டு. குழாயை வளைக்குள்ள விட்டா விஷப்புகை உள்ளே போகும். வாசனை கிடையாது. அஞ்சு பத்து நிமிஷத்துல எல்லாம் அடங்கிடும். கண்ணுக்குத் தெரியறதுக்காக அதோட வெள்ளைப் புகை கலந்து விடுவான். எந்தெந்த ஓட்டையில புகை வெளிய வருதோ, அதையெல்லாம் மண் போட்டு மிதிச்சு மூடணும். ஒரே ஒரு சட்டம்... ஆள் இருக்கிற கட்டடத்துக்கிட்ட அந்த மிஷினைத் தொடவே கூடாது.

அதனால முதல்ல கடைக்குக் கீழ இருக்கிற நிலவறையை எட்டிப் பார்த்தான். கடைசி அறையில ஒரு மடக்குக் கட்டில். மண்ணெண்ணெய் ஹீட்டர். ஒரு ஜோடி பொம்பளை ஷூ, ஈரம் காய காகிதம் திணிச்சு வச்சிருந்துச்சு. பக்கத்துல காப்பிக் கப்பு. தொட்டுப் பார்த்தான். சூடு.

மேல வந்து கேட்டான். "முதலாளி, கீழ யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? பழைய சாமான் கிடக்கு."

"ஷூ இருக்கே."

"ஷூதானே இருக்கு. உள்ள கால் இருக்கா?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம்.

அந்த ஷூ இடலினாவோடது. பத்தொன்பது வருஷமா அந்தக் கடையைக் கழுவித் துடைச்ச பொம்பளை. பாச்செக்கோ வீட்டு மாடியிலதான் குடியிருந்தா. டிசம்பர்ல தன் மருமகனுக்கு வேணும்னு அவளைக் காலி பண்ண வச்சார். போக்கிடம் இல்லாம நின்னவளை, பனிக்காலம் முடியட்டும்னு நிலவறையில படுக்கச் சொன்னார். நல்ல மனசுன்னு நினைக்காதீங்க. விடியுமுன்னே தரையைக் கழுவ ஆள் கிடைச்சுதே, அதுக்கு. அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். அந்த அறைக்குப் பின்னாடி உப்பு மூட்டை அடுக்குற இடத்துல, மேல இருக்கிற புகைக்கூண்டுச் சூட்டுல கதகதப்பா இருக்குன்னு சுவரோரமா சுருண்டு படுத்திருந்தா. டார்ச் அங்க போகல. அவன் போக விடல.

மிஷினை ஓட்டினான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வளையா மூடிக்கிட்டே வந்தான். பத்து ஆச்சு. பதினோராவது, சுவர் அடியிலயே. கல்லு பேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதுலயும் வெள்ளைப் புகை வந்துச்சு.

வந்த புகை... திரும்பி உள்ளே போச்சு.

மறுபடி வந்துச்சு. மறுபடி உள்ளே போச்சு. வெளிய, உள்ளே. வெளிய, உள்ளே.

முட்டி போட்டுக் குனிஞ்சான். உள்ளே இருமல். சின்னதா ஒண்ணு. அப்புறம் நகத்தால கல்லைச் சுரண்டற சத்தம்... கர்ர்... கர்ர்...

ஆறு மணிக்கு அவனுக்கு இன்னொரு இடத்துல வேலை. மண்வெட்டியை எடுத்து மூணு தரம் அள்ளிப் போட்டான். சக்... சக்... சக். மண்வெட்டி முதுகால தட்டினான். குதிகாலை வச்சு நல்லா மிதிச்சான். சுரண்டல் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் இல்ல. குழாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டான்.

மறுநாள் எடுத்தப்போ அவ வாய் அந்தக் கல் இடுக்கோட ஒட்டி இருந்துச்சாம். வந்த போலீஸ்காரங்க கட்டில் பக்கத்துல ஹீட்டரைப் பார்த்தாங்க, ஹீட்டர் புகையால செத்தான்னு எழுதிக்கிட்டாங்க. விஷ உருண்டை மட்டும்தான் வச்சேன்னு வால்தெமார் கையெழுத்துப் போட்டான். பாச்செக்கோ பெரிய மலர்வளையம் அனுப்பினார். ரெண்டு பேரும் அடக்கத்துக்குப் போனாங்க. அந்தக் கடை இன்னும் ஓடுது. இப்ப நீங்க சாப்பிட்டது அங்கிருந்து வந்த சாசேஜ்தான்.

அடக்கம் முடிஞ்ச மூணாவது வாரம் அது ஆரம்பிச்சுது.

முதல்ல வண்டி. காலைல ஸ்டார்ட் பண்றான், உள்ளே சூடு காத்து வரல. காத்து வர்ற துவாரத்துலயெல்லாம் ஈர மண். கெட்டியா, தட்டித் தட்டி அடைச்சது. பக்கத்து வீட்டுப் பசங்க வேலைன்னு திட்டிட்டுக் குச்சியால நோண்டி எடுத்தான். அப்புறம் துணி உலர்த்துற மிஷினோட குழாய். அப்புறம் குளியலறை ஜன்னல் இடுக்கு. ஒருநாள் நடுச்சாமத்துல வீட்ல விஷப்புகை அலாரம் அடிச்சுது. பாய்லர் புகை வெளிய போற குழாய்ல மண். இன்னும் அரைமணி போயிருந்தா அவனும் பொண்டாட்டி ஃபெர்னாண்டாவும் எழுந்திருக்க மாட்டாங்க.

ஊர் எலிக்கெல்லாம் ஓட்டையை அடைச்சவன்... தன் வீட்டு ஓட்டையைத் திறந்து வைக்கப் பாடுபட்டான். ஜன்னல் அத்தனையும் விரியத் திறந்து, கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். வீட்டுக்குள்ள பனி விழும்.

ஃபெர்னாண்டா பயந்துபோய்த் தம்பியைக் கூப்பிட்டா. ஒராசியோ ஒருநாள் போய்த் துணைக்கு உக்காந்தான். சாயங்காலம் நாலரை மணி. சமையலறைச் சுவருக்கு வெளிய...

சக்... சக்... சக்.

தப். தப். தப்.

"மச்சான், யாரு அது?"ன்னு ஒராசியோ எழுந்தான். வால்தெமார் அவன் கையைப் பிடிச்சான். "போகாதடா. அவ வேலை முடிச்சிட்டுப் போகட்டும்."

ஒராசியோ கையை உதறிட்டு வெளிய ஓடினான். முற்றத்துல முழங்கால் பனி. ஒரு தடம் இல்ல. பாய்லர் குழாய் வாயில மண். இன்னும் ஈரம். விரலால தொட்டு முகர்ந்தான்... பூண்டு, மிளகாய்த்தூள், புகை. சாசேஜ் கடை வாசனை.

அன்னிக்குத்தான் வால்தெமார் எல்லாத்தையும் சொன்னான். ஷூ, கப்பு, இருமல், எல்லாம். ஒராசியோவுக்கு அவனை அடிக்கத் தோணுச்சாம். அடிக்கல. "அவளுக்கு ஒரு அக்கா இருக்கா. லூர்தெஸ். அவங்க கால்ல போய் விழு"ன்னான்.

மறுநாள் ரெண்டு பேரும் போனாங்க. அந்தம்மா சூப்புக்குக் கீரை நறுக்கிக்கிட்டிருந்தா. வால்தெமார் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னான். கத்தி நிக்கவே இல்ல. நறுக்கிக்கிட்டே கேட்டா.

"அப்ப அவ உன்கிட்ட வரா" ன்னா.

"ஆமாக்கா. நேத்துக்கூட."

"என்ன போட்டிருந்தா? மேல ஏதாவது போத்தியிருந்தாளா?"

"நான் பார்க்கலக்கா. சத்தம் மட்டும்தான்."

கத்தி நின்னுச்சு. "ரெண்டு மாசமா நான் கதவைத் தாழ்போடாமப் படுக்கிறேன். என்கிட்ட ஒரு நாள் வரல. கொன்னவன்கிட்ட தினம் வரா."

"அக்கா... என்னை விட்டுடச் சொல்லுங்க அவகிட்ட."

அந்தம்மா கீரையை வாரிப் பாத்திரத்துல போட்டா. "நான் எதுக்குச் சொல்றேன்? இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொல்றேன். அப்பவாவது நல்லாப் பாரு. குளிருல நடுங்குறாளான்னு எனக்கு வந்து சொல்லு."

வெளிய வந்ததும் வால்தெமார் அழுதான். ஆனா சொல்லிட்டதுல பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு போல. அன்னிக்கு ராத்திரி வயிறார சாப்பிட்டான். ஜன்னலையெல்லாம் மூடச் சொன்னான். பல நாள் கழிச்சுக் கட்டில்ல, பொண்டாட்டி பக்கத்துல படுத்தான்.

ஃபெர்னாண்டா ஒரு சத்தமும் கேக்கல. விடியற நேரம் திரும்பிப் படுத்தா, அவன் உக்காந்திருந்தான். முதுகு நேரா. கண்ணு ரெண்டும் திறந்து கட்டில் காலடியையே பார்த்துக்கிட்டு. கூப்பிட்டா, தொட்டா... விறைச்சுப் போயிருந்தான். வாயில, மூக்குல ஈர மண். தலையணையில ஒரு துளி சிந்தல.

பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி உடம்பைச் சுத்தம் பண்ணினவர் முப்பது வருஷமா அந்தத் தொழில் பண்றவர். ஒராசியோவைத் தனியாக் கூப்பிட்டார். கையில ஒரு நீளக் கரண்டி.

"தம்பி, யாரோ வாய்ல மண்ணைப் போட்டுட்டாங்கன்னுதானே நீங்க நினைக்கிறீங்க?" ன்னு கேட்டார். "நான் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். மேல இருக்கிறது லேசு. கீழ போகப் போகத்தான் கெட்டி. இது வாய் வழியாப் போனதில்ல. உள்ளே இருந்து மேல ஏத்தி, ஏத்தி, மிதிச்சிருக்கு."