ஹவில்தார் முருகையனின் இடது காது

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மந்தைவெளியிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அவர்களைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற பெண்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முருகையனின் மனைவி தேவானையே, உங்கள் எல்லோருக்கும் பங்கஜத்தின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழுதுவிட்டார்கள். நான் அழப்போவதில்லை. ஹவில்தார் முருகையன் எதற்காக வழக்குப் போட்டார், அந்த வழக்கு இப்போது எங்கே நிற்கிறது, இதைச் சொல்வதற்குத்தான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சட்டத்தில் ஏதாவது தவறிச் சொன்னால், அதோ தூணோரம் நிற்கிறாளே நிலா, அவள் திருத்துவாள். அவள்தான் இந்த வழக்கின் வக்கீல். என் பேத்தி. இன்னொரு தடவையும் சொல்கிறேன், என் பேத்தி.

முருகையன் சாந்தோம் குப்பத்தில் பிறந்தவர். பீரங்கிப் படையில் சேர்ந்தவர். நம்மில் பல பேருக்கு அவரைக் குரலை வைத்துத்தான் தெரியும். இல்லையா? மீன் வாங்கப் போனால் தெருக்கோடி வரைக்கும் விலை கேட்கும். மீன்காரம்மா ஒரு நாள் கேட்டுவிட்டாள்: "இன்னா நைனா, நான் எதிர்லதான குந்திக்கினு கீறேன்? பெருங்குடில கீறவளக் கூப்புட்ற மாரி கத்துறியே!" அவருக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை. "பெருங்குடிலயா? அங்கதான் வாட்ச்மேன் வேலை பாக்குறேன்" என்று பதில் சொன்னார்!

ஏன் கத்தினார்? இடது காது கேட்காது. ஏன் கேட்காது? அதுதான் வழக்கு.

கார்கில் சண்டையில் அவர் நின்ற பீரங்கிக்குப் பக்கத்திலேயே எதிரியின் குண்டு விழுந்தது. காதிலிருந்து ரத்தம். பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு மறுபடியும் பீரங்கிக்கே போய்விட்டார். கூட நின்றவர் நம் உபைத் பாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சண்டை ஓய்ந்ததும் பெரிய அதிகாரி வந்து கேட்டார்: "கோயி தக்லீஃப்?" ஏதாவது தொந்தரவு உண்டா என்று அர்த்தம். பட்டாளத்தில் இதற்கு ஒரே பதில்தான். "நஹி சாப்!" இல்லை ஐயா. காய்ச்சலா? நஹி சாப். பல்வலியா? நஹி சாப். என் வீட்டுக்காரரும் இதே பட்டாளம்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர் டாக்டரிடம் போனபோதும் "நஹி சாப்" என்றுதான் சொன்னார். அந்த டாக்டருக்கு இந்தி தெரியாது. அதனால் பிழைத்தார்.

முருகையனின் அதிகாரிக்கு இந்தி தெரிந்திருந்தது. காயம் என்று எதுவும் பதிவாகவில்லை. ஓய்வு பெறும்போது நடந்த மருத்துவச் சோதனையிலும் அதே கேள்வி, அதே பதில். கருவி வைத்துப் பார்த்ததில் காது போயிருப்பது தெரிந்தது. ஆனால் எப்படி எழுதினார்கள்? போரால் வந்தது அல்ல, பணியால் வந்தது அல்ல, அவருடைய உடம்புவாகு என்று எழுதினார்கள். போரில் பட்ட காயத்துக்கான ஓய்வூதியம் அதோடு போயிற்று.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, எங்கம்மா என்ன செவுடாவா பெத்துப் போட்டுச்சு? நல்ல காதோடதான பட்டாளத்துக்குப் போனேன்? சண்டைல போன காதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுக்கா." ஓய்வூதியம் வேண்டாமா என்று கேட்டேன். "அதுவும்தான்!" என்றார். மறைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

ஆனால் பாருங்கள், அடுத்தவர் விஷயம் என்றால் அவர் வேறு ஆள். உபைத் பாய்க்குப் பனியில் கால் விரல்கள் போய்விட்டன. அதற்கான ஓய்வூதியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இவர்தான் அழைத்துப் போனார். அங்கிருந்தவர் விசாரித்ததும் உபைத் பாய், "பெரிசா ஒண்ணுமில்ல சார்" என்று ஆரம்பித்தார். முருகையன் விட்டாரா?

"இன்னா பாய், ஒண்ணுமில்லயா? ஷூவக் கழட்டு! கழட்டுன்றேன்ல! தூக்கி மேஜ மேல வை! சார், நீயே பாரு சார், வெரலு கீதா, இல்லியா?"

உபைத் பாய்க்குக் கிடைத்தது. உங்களில் எத்தனை பேருக்கு அவர் இப்படிக் கத்திக் கத்தி வாங்கிக் கொடுத்தார்! எத்தனை விதவைகளுக்கு வரிசையில் நின்றார்! தனக்கு என்று வந்தபோது அந்தக் குரல் எங்கே போயிற்று?

ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்கு வருவதற்கு முன் நிலா அவரை எங்கள் கூடத்தில் நிற்க வைத்துப் பழக்கினாள். அவளே அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். இவர் காது, தலைசுற்றல், சண்டை எல்லாவற்றையும் அழகாக ஒப்பிப்பார். "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்வேன் பாப்பா" என்றார்.

விசாரணை நாளன்று நீதிபதியோடு ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவரும் அமர்ந்திருந்தார். நல்ல மனிதர். வக்கீல்கள் பேசி முடித்ததும், இவரைப் பார்த்து அன்பாக இந்தியில் கேட்டார், இப்போது என்ன தொந்தரவு என்று. இவர் எழுந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது.

"நஹி சாப்!"

எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து எழுதிக்கொண்டார். நிலா நெற்றியில் கை வைத்தாள். அப்போது பின்வரிசையிலிருந்து தேவானை எழுந்தாள்.

"ஐயா, அவரு பொய் சொல்றாரு! பின்னால வர்ற பஸ்ஸு சத்தம் அவரு காதுல வுழாதுங்க. லஸ் கார்னர்ல நான்தான் கையப் புடிச்சி இஸ்தேன். தல சுத்துனா செவுத்தப் புடிச்சிக்கினு நிப்பாரு. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. வூட்ல என்னாண்ட சொல்ற அதே பொய்யத்தான் உங்களாண்டயும் சொல்றாரு!"

முருகையன் நிலாவின் பக்கம் வலது காதைச் சாய்த்து, "இன்னா சொல்றா?" என்று கேட்டார். நிலா சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புதிதாக மருத்துவர்களை வைத்து அவரைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவாயிற்று.

அந்தச் சோதனைக்கு அவர் போகவில்லை. தேதி வருவதற்குள், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மாரடைப்பு வந்து போய்விட்டார். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்க இனி அந்தக் காது இல்லை.

காரியத்தன்று நம்மவர்களே சிலர் சொன்னார்கள், ஆளே போய்விட்டார், இனி வழக்கு எதற்கு என்று. நிலாவும் தயங்கித் தயங்கித்தான் தேவானையிடம் கேட்டாள். தேவானை சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "இப்ப வுட்டா காயிதத்துல இன்னா இருக்கும்? தானா செவுடாப் போன ஆளுன்னுதான இருக்கும்? என் புருசன அப்படி எழுதி வெச்சிட்டு நான் கம்முனு குந்திருப்பேனா? கையெழுத்து எங்க போடணும், காட்டு பாப்பா."

போட்டுவிட்டாள். கணவரின் இடத்தில் மனைவி நின்று வழக்கை நடத்தலாம் என்று சட்டம் இருக்கிறது. கண்ணால் பார்த்த சாட்சியாக உபைத் பாய் வருகிறார். பாய், சும்மா தலையாட்டினால் போதாது. ரத்தம் வந்தது, நான் பார்த்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். வழக்கு ஜெயிக்குமா? எனக்குத் தெரியாது. நிலாவும் உறுதி சொல்லவில்லை. ஆனால் பேச ஆளில்லாமல் அது தோற்காது.

சங்கத்தின் பெண்கள் கூடி இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். இனிமேல் நம்மில் எந்த ஆணும் மருத்துவச் சோதனைக்குத் தனியாகப் போகக் கூடாது. மனைவியோ மகளோ கூடப் போக வேண்டும். உள்ளே விட மாட்டார்களா? கதவுக்கு வெளியே நிற்போம். போகும் வழியெல்லாம் சொல்லிக்கொடுப்போம். வீட்டில் யாரும் இல்லையா? நான் வருகிறேன்.

ஹவில்தார் முருகையன் அவர்களே! உங்கள் வழக்கு தை மாதம் விசாரணைக்கு வருகிறது. தேவானை வருவாள், உபைத் பாய் வருவார், நிலா வருவாள், நானும் வருவேன். சொல்ல வேண்டியதையெல்லாம் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

நீங்கள் மட்டும் வாயைத் திறக்காமல் இருங்கள், போதும்.