செத்த லைன்களின் பட்டியல்

– மேற்கு, இன்னும் இழுத்துக்கிட்டேதான் இருக்கீங்க. உங்க பங்கு ஆயிரம் மெகாவாட். இப்ப ஓடுறது ஆயிரத்து முந்நூறு. வெட்டிட்டேன்னு சொல்லி நாலு நிமிஷம் ஆச்சு.

– வெட்டியாச்சு அண்ணி. மூணு லைன், நூத்தம்பது மெகாவாட். எழுதிக்கோங்க.

– இந்த போன்ல அண்ணி கிடையாது. இது மத்திய கட்டுப்பாட்டு அறை. பேசுறது பூரா பதிவாகுது.

– நேத்து என் வீட்டுக்கு வந்து டீயைக் குடிச்சிட்டு, சர்க்கரை கம்மின்னு மூஞ்சியைச் சுளிச்ச அதே மத்திய கட்டுப்பாட்டு அறைதானே?

– விளையாடாதே. நூத்தம்பது வெட்டினா என் மீட்டர்ல நூத்தம்பது இறங்கணும். முள்ளு அசையலை. எந்த மூணு லைன்?

– நூல் மில்லு, செங்கல் சூளை... அப்புறம் சரக்கு யார்டு.

– மில்லு மூடி ரெண்டு வருஷம். சூளை மழையில நின்னது, இன்னும் பத்த வைக்கலை. யார்டுல இன்னிக்குப் பராமரிப்பு, காலையிலேயே அணைச்சாச்சு. செத்த லைனை வெட்டிட்டு என்கிட்ட கணக்கு காட்டுறியா?

– எல்லாரும் பண்றதுதானே.

– பதிவுக்காகச் சொல்றேன், கேட்டுக்கோ. ஒண்ணு முப்பத்தஞ்சுக்கு வடக்குல பெரிய அனல் நிலையம் நின்னுடுச்சு. நாலு பகுதியும் ஒரே வலை. எல்லா நிலையத்து மெஷினும் ஒரே அச்சுல பூட்டின மாதிரி ஒரே வேகத்துல சுத்துது, நொடிக்கு ஐம்பது துடிப்பு. ஒருத்தர் தன் பங்குக்கு மேல இழுத்தா, எல்லா மெஷினும் சேர்ந்து மெதுவாகும். ரொம்ப மெதுவானா ஒண்ணொண்ணா கழண்டுக்கும், நாடே இருட்டு. இப்ப நாற்பத்தொன்பது புள்ளி முப்பத்தெட்டு. கிழக்கு வெட்டிடுச்சு, தெற்கு வெட்டிடுச்சு. அவங்க காத்தாடி இல்லாம வேர்த்து விறுவிறுத்து மிச்சம் பிடிக்கிறதை நீ உறிஞ்சிக்கிட்டு இருக்கே.

– எனக்கு மட்டும் ஆசையா? உயிரோட இருக்கிற பெரிய லைன் எல்லாம் நகரத்துக்குப் போறது. நகரத்துல இன்னிக்கு அமைச்சர் புது மண்டபம் திறக்குறார். எங்க ஆபீஸ் பெரியவர் காலையிலேயே வந்து என் மேஜையில ஒரு தட்டு தட்டிச் சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு பல்பு மினுக்கினாலும் நாளைக்கு நான் மலையடிவாரத்துல கம்பத்துக்கு நம்பர் எழுதணுமாம்.

– நீ வெட்டலைன்னா, நாற்பத்தொன்பது புள்ளி இருபதைத் தொட்டதும் ரிலே மெஷின் தானா வெட்டும். அதுக்குப் பெரியவரும் தெரியாது, அமைச்சரும் தெரியாது.

– வெட்டட்டுமே! மெஷின் வெட்டினா அது மெஷின் பாடு. என்னை யாரும் கேக்க முடியாது.

– நல்லா இருக்கு உன் நியாயம்... இரு. இரு, ஒரு நிமிஷம். ரிலே எந்த லைனை முதல்ல வெட்டணும்னு ஒரு பட்டியல் இருக்குமே, அதை இப்ப மாத்தியிருக்கீங்களா?

– எந்தப் பட்டியல்?

– சுவத்துல, கடிகாரத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துல தொங்குமே.

– நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே.

– பன்னெண்டு வருஷம் உன் நாற்காலியில உட்கார்ந்தவ நான். மாத்தினீங்களா இல்லையா?

– யாரு மாத்துறது? மேல ஒரு விரல் தூசி. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?

– முதல் வரியைப் படி.

– படிக்கிறேன். முதல் படி, நாற்பத்தொன்பது புள்ளி இருபது. சுரங்க லைன்... அண்ணி. சுரங்கம் மறுபடி திறந்து எட்டு மாசம் ஆச்சே.

– ஆமா.

– அண்ணனுக்கு இன்னிக்குச் சுரங்கத்துல காலை ஷிஃப்ட்டா?

– ரெண்டு மணிக்குக் கூண்டுல ஏறி வெளியே வரணும். இப்ப ஒண்ணு ஐம்பத்தி நாலு.

– கூண்டு நடுவழியில நின்னாலும் பிரேக் பிடிச்சிக்கும், அண்ணி. பயப்படாதீங்க.

– கூண்டு நிக்கும். பம்பும்தான் நிக்கும். பம்பு நின்னா இருபது நிமிஷத்துல கீழ்த்தட்டுல இடுப்பளவு தண்ணி. உங்க அண்ணன் எந்தக் கூண்டுல ஏறுவார்னு உனக்குத் தெரியாதா?

– கடைசிக் கூண்டு. எல்லாரையும் அனுப்பிட்டுத்தான்... ரிலேயை எடுத்துவிட முடியாதா?

– துணைமின் நிலையத்துல ஆள் போய்க் கையால கழட்டணும். கால் மணி நேரம். துடிப்பு புள்ளி முப்பத்தொண்ணுக்கு வந்தாச்சு. நகரத்தை வெட்டு.

– எவ்வளவு?

– முந்நூறு. மண்டபத்து லைனும் சேர்த்து.

– புருஷனுக்காக ஊரை அணைச்சுட்டான்னு உங்களைத்தான் பேசுவாங்க.

– ஒண்ணு நாப்பத்தொண்ணுக்கே உத்தரவு குடுத்தாச்சு, பதிவுல இருக்கு. பட்டியல் இன்னும் பழசுதான்னு அப்ப எனக்குத் தெரியாது. என் பேரைப் போட்டுக்கோ, வெட்டு.

– உங்க பேர் ஒண்ணும் வேணாம், என் பேரே நல்லாத்தான் இருக்கு. நகரம் ஒண்ணு, சுவிட்ச் திறந்தாச்சு, கரண்டு கட். நகரம் ரெண்டு, திறந்தாச்சு.

– இருபத்தி மூணு. இன்னும் இறங்குது.

– நகரம் மூணு, திறந்தாச்சு.

– இருபத்தொண்ணு.

– மண்டபம். போச்சு. அமைச்சர் கைத்தட்டலை இருட்டுல வாங்கட்டும். அண்ணி? எவ்வளவு? அண்ணி, பேசுங்க!

– இருபத்தொண்ணு... நின்னுடுச்சு. அங்கேயே நிக்குது. இருபத்தி நாலு. முப்பது. ஏறுது.

– மூச்சு விட்டுக்கலாமா?

– மெதுவா விடு. அங்க என்ன சத்தம்?

– பெரியவர். மூணு போன்லயும் மாத்தி மாத்தி அடிக்கிறார்.

– அடிக்கட்டும். நீ சுரங்கத்துக்குப் போடு, நான் இந்த லைன்லயே இருக்கேன்.

– ஹலோ, சுரங்கமா?... அப்படியா. சரி, சரி... அண்ணி, கடைசிக் கூண்டு இப்பத்தான் மேல வந்துச்சாம். அண்ணன் குளிக்கப் போயிட்டாராம். வீட்டுல கரண்டு இருக்கான்னு கேட்டாராம்.

– இல்லைன்னு சொல்லு. உன் நகரம் ரெண்டுலதான் எங்க வீடு.

– ஐயையோ! சரி, சாயங்காலம் திட்டு எனக்குத்தான். ஆனா அண்ணி, எனக்கு வயிறு எரியுது. இந்தப் பட்டியலை எழுதின மகராசனைச் சும்மா விடக் கூடாது. முதல் படி முழுக்க மூடிக் கிடந்த இடமாப் பார்த்துப் பொறுக்கி வச்சிருக்கான். காகிதத்துல வெட்டின மாதிரியும் இருக்கும், நமக்கு ஒண்ணும் போகாது. நானாவது நாலு நிமிஷம்தான் ஏமாத்தினேன், இவன் வருஷக்கணக்கா! யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

– பதிவு இன்னும் ஓடுதா?

– ஓடுது. வேணும்னா நிறுத்திட்டுச் சொல்லுங்க.

– வேணாம், ஓடட்டும். சட்டத்தைத் திருப்பிப் பாருப்பா. பின்னாடி இருக்கிறது என் கையெழுத்து.