போதும், வாயை மூடிக்கலாம்

விடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நஞ்சன்கூடு தாண்டி குண்டலுபேட்டை போகும் ரோடு. பனி... வைப்பரை ஓடவிட்டாலும் கண்ணாடி தெளியவில்லை. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னால் ஒரு வண்டி இல்லை.

காரை ஓட்டிப் போனவள் என் தோழி வைஷாலியின் அண்ணி, பல்லவி. மயக்க மருந்து டாக்டர்...

"இரு இரு," என்றாள் அனகா இருட்டில். "பேய்க்கதை கேட்டா மயக்க டாக்டர் கதையா? வெள்ளிக்கிழமை எனக்கு ஆபரேஷன்டி. மனசாட்சி இருக்கா உனக்கு?"

அக்ரஹாரத்தில் அனகாவின் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போயிருந்தது. வெளியே மழை. பித்தப்பைக் கல்லை எடுக்கப் போகிறவளுக்குத் தைரியம் சொல்ல நானும், அவளுக்கு நிச்சயமாகியிருந்த ஹேமந்தும் வந்திருந்தோம். அனகாவின் அம்மா காவேரி மாமி மகளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மாடி ஏறி வந்ததில் அனகாவுக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சளி உடம்பு என்பாள் மாமி.

"பயமா இருந்தா விட்டுடலாம்," என்றேன்.

"எனக்கென்ன பயம்? ஹேமந்துக்குத்தான். கையைப் பாரு, ஐஸ் மாதிரி இருக்கு."

"அது தண்ணி சொம்பு அனகா. என் கை இந்தப் பக்கம் இருக்கு," என்றான் அவன்.

சிரித்தோம். நான் மேலே சொன்னேன்.

குண்டலுபேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆபரேஷன் இருந்தால் பல்லவியைக் கூப்பிடுவார்கள். அன்றும் அதற்குத்தான் போனாள். கார் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தாள். ஆனாலும் உள்ளே ஸ்பிரிட் வாசனை... கூடவே புது ரப்பர் வாசனை.

ஹெட்லைட் வெளிச்சத்தில், மைல்கல் பக்கத்தில், ஒரு பெண். ஆஸ்பத்திரிப் பச்சைக் கவுன். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய்... முழுக்கத் திறந்திருந்தது. நாக்கு வெளியே.

பல்லவி கத்தவில்லை. அந்த நிலை அவளுக்குத் தெரியும். தினமும் நோயாளிகளிடம் அவளே சொல்லிச் செய்யவைப்பது.

ரூபா. அதற்கு முந்தின மாதம் அவள் கண்ணெதிரே, ஆபரேஷன் மேசையில் இறந்துபோனவள்.

மயக்கம் கொடுத்தால் நம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. தொண்டைக்குள் குழாய் விட்டு டாக்டர்தான் மூச்சுத் தரவேண்டும். அந்தக் குழாய் சுலபமாக இறங்குமா, தகராறு செய்யுமா என்று முன்கூட்டியே தெரிந்தாகவேண்டும். அதனால்தான் வாயைத் திறக்கச் சொல்வார்கள். மூன்று விரல் நுழைகிறதா... உள்நாக்கு தெரிகிறதா... கழுத்து பின்னால் வளைகிறதா... ரூபாவுக்கு எல்லாமே சரியாக இருந்தது. கடைசியில் ஒரு கேள்வி. கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாதது அந்தப் பதிலில்தான் தெரியும்.

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன், மயக்கம், தொண்டையில குழாய்... ஏதாவது?"

கட்டிலைச் சுற்றிப் புருஷன், மாமியார், அம்மா சாமியாத்தாள். நம் ஊரில் டாக்டர் கேட்டால் நோயாளியா பதில் சொல்கிறார்? கூட வந்தவர்கள்தானே. ரூபாவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். சாமியாத்தாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணுமே இல்லைங்க டாக்டரம்மா. எம்புள்ள ஊசிகூடப் போட்டதில்லைங்க."

பல்லவி எழுதிக்கொண்டே சொன்னாள்: "போதும்மா. வாயை மூடிக்கலாம்."

மூடிக்கொண்டாள். அம்மா அப்புறம் தனியாகப் போய்ச் சொல்லிவிடுவாள் என்று நம்பியிருக்கிறாள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மாவைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம். சாமியாத்தாள் தலையை ஆட்டினாள்... சொல்லிவிட்டேன் என்பதுபோல.

குழாய் இறங்கவில்லை. பாதியில் முட்டியது. சின்னக் குழாய்... அதைவிடச் சின்னது... காற்றுப் பையை அமுக்க அமுக்க, உள்ளே ஏதோ இடுக்கில் காற்று நுழையப் பார்க்கும் சத்தம். அடைத்த ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல. அது பல்லவியின் காதிலேயே தங்கிவிட்டது.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ரூபாவுக்கு வலிப்பு வந்து, நாள்கணக்கில் தொண்டையில் குழாயோடு கிடந்திருக்கிறாள். மூச்சுக்குழாய் உள்ளே தழும்பேறிச் சுருங்கிவிட்டது. எந்த ஆபரேஷன் என்றாலும் இதை முதலில் சொல்லவேண்டும் என்று சொல்லித்தான் அந்த ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வலிப்பு என்றால் யார் கட்டுவார்கள்? மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். சம்பந்தி பக்கத்தில் நிற்கும்போது சாமியாத்தாளுக்கு உண்மை வாயில் வரவில்லை.

அந்த ரூபாதான் ரோட்டோரம் நின்றாள். திறந்த வாயை மூடவே இல்லை. கார் அவளைக் கடந்தது. அந்தச் சத்தம்... பின் சீட்டிலிருந்து வந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர். குடலிறக்கம். வாய், கழுத்து எல்லாம் சரி. பல்லவி அதே கேள்வியைக் கேட்டாள். "எதுவும் இல்ல மேடம்," என்றான் மகன். உடனே அறைக்குள் அதே சத்தம். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லவி மகனை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்துக்கொண்டதை அவர் அழுதுகொண்டே சொன்னார். பேத்திக்கு வரன் பார்க்கிறார்களாம். வெளியே தெரியக்கூடாதாம்.

அதற்குப் பிறகு பல்லவி யாரையும் கூட்டத்தில் வைத்துக் கேட்பதில்லை. ஆனால் யாராவது பொய் சொன்னால்... அது கேட்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லையாம்.

நிறுத்தினேன். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"அய்யோ தேவரே," என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டு ஹேமந்த் சிரிக்கப் பார்த்தான். "நல்ல நேரத்துல நல்ல கதைங்க. அனகா, உனக்கு அந்த மாதிரி குழாய் கிழாய் எதுவும் வெச்சதில்லயே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. கைக்குழந்தையில வெச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவைக் கேளு." அவள் குரலில் இன்னும் விளையாட்டுதான் இருந்தது. "அம்மா?"

இருட்டில் மாமியின் வளையல்கள் குலுங்கின.

"சேச்சே. உனக்கென்னடி. ஒண்ணும் கிடையாது. மாப்பிள்ளை, நீங்க வேற இவ பேச்சைக் கேட்டுண்டு..."

ஸ்பிரிட் வாசனை.

அப்புறம்... மாமியின் முதுகுக்குப் பின்னால்... அடைத்த ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல. மெல்ல. நீளமாக.

கரண்ட் வந்தது. அங்கே யாரும் இல்லை. அனகா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஏதோ கேட்கத் திறந்த வாய் திறந்தபடி நின்றிருந்தது. அவள் மணிக்கட்டை மாமியின் விரல்கள் வெளுக்க வெளுக்க இறுக்கியிருந்தன.

"போதும்டி," என்றாள் மாமி. "வாயை மூடு."