ஐஸ் பெட்டியில் போன சீசா

— ஒத்தக் கண்ண மூடுங்கன்னா ரெண்டையும் மூடிக்கிறீங்களே!

— மூடாம? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, ஆளில்லாத காலேஜுக்குக் கூட்டியாந்து... நீ பாடம் நடத்துற எடம் மீனாம்மா, எவனாச்சும் பாத்தா?

— வாட்ச்மேன் ஒங்க கடை சோடாவக் குடிச்சிட்டுத் தூங்குறாரு. மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?

— என்னமோ... தலைப்பிரட்டை மாதிரி. அடேயப்பா, என்னா ஓட்டம்! தேர்க்கூட்டம் கெட்டுது... ஏது, மாட்டாஸ்பத்திரியில வாங்கினியா?

— காலையில மொணங்கிக்கிட்டே சீசாவ நீட்டுனது காளைமாடா? ஒங்களுதுங்க.

— வெளையாடாத. போன வருசம் திருச்சி டாக்டரு சொன்னது மறந்து போச்சா? எல்லாம் செத்துக் கெடக்கு, இந்தச் சோலையப்பனுக்குப் புள்ளையே கெடையாதுன்னு...

— சரி, இந்தக் கண்ணாடியப் பாருங்க.

— இது... ஒண்ணும் அசையலையே.

— அதே சீசாதான். கொஞ்சம் எடுத்து, உப்பு ஐஸ்ல ஒறைய வச்சு உருக்கினேன். தண்ணி ஊசி ஊசியா ஒறைஞ்சு உசுரக் குத்திப்புடும்.

— ம்...

— அடுத்தது. இதுவும் அதே ஐஸ்ல ஒறைஞ்சதுதான். ஆனா முன்னாடியே கிளிசரின் கலந்துட்டேன். சீமையில இப்படித்தான் செய்றாங்களாம்.

— அங்கிட்டு ஒண்ணு... இங்கிட்டு ஒண்ணு... ஏ புள்ள, நீந்துது! பாதி பொழச்சிருக்கு!

— அன்னைக்குத் திருச்சிக்குச் சீசாவ எதுல வச்சு எடுத்துட்டுப் போனீங்க?

— கடை ஐஸ் பெட்டியில. பஸ்ஸுல கெட்டுப் போயிருமேன்னு உப்பையும் அள்ளிப் போட்டேன். எறங்கிப் பாத்தா கல்லு... கக்கத்துல இடுக்கி உருக்கித்தான் குடுத்தேன். டாக்டருகிட்டச் சொல்லல. வெக்கமாப் போச்சு.

— எம் புருசன் மூளையே மூளை!

— ஜெகதாப்பட்டினத்து மீனு ஐஸ்லதான கெடாம வருது?

— வருது. வந்து நீந்துதா?

— ஹா... ஹா! அப்ப நான்... அடியே, எனக்கு ஒரு கொறையும் இல்லடி! இலுப்பூர் கடைத்தெருவுக்கே இன்னைக்கு ஓசி சோடா! ...ஆமா, இத்தனை நாள் கழிச்சு ஒனக்கு ஏன் திடீர்னு இந்தச் சந்தேகம்?

— சந்தேகம் எனக்கில்ல. ஒங்களுக்கு வந்துரக் கூடாதேன்னுதான். ரெண்டு மாசமா நான் குளிக்கலைங்க... எந் தலையில கைய வச்சு, 'நம்ம புள்ளை'ன்னு ஒரு தடவ சொல்லுங்க.