மேல் சுவிட்ச்

நெருங்கி உட்காருங்கள், மக்களே. போர்வை போதாவிட்டால் என் சேலைத் தலைப்பு இருக்கிறது.

கர்க்கடக மாதம். சாயங்காலம் ஏழு மணிதான்... ஆனாலும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. விடாத மழை. பண்டகசாலைக் கதவெல்லாம் சாத்தியாயிற்று, முக்கில் ஒரு சாயாக்கடை மட்டும் திறந்திருக்கிறது. நனைந்த சாக்கு வாடை, சுக்கு வாடை. சிவசங்கரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறான்.

இந்தச் சிவசங்கரன் என் கூட்டுக்காரி பாக்கியலக்ஷ்மியின் தம்பி. வயரிங் வேலை. தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ, அப்போது நடந்தது. அன்றைக்கு அவன் போனது துக்க வீட்டுக்கு. பெண்டாட்டியைப் பறிகொடுத்த செல்லதுரை, மேல் சுவிட்சை வந்து பார்க்கச் சொல்லி ஆள் விட்டிருந்தார். அதைக் கேட்டதும் இவன் முதல் வேலையாகப் புதுக் கம்பியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஏனென்றால்... கேளுங்கள்.

செல்லதுரை கார்ப்பரேஷன் லாரி ஓட்டுகிறவர். பழைய அரிசிக் கிடங்கின் மாடியைச் சரிபண்ணி, மனைவி ஸ்வர்ணலதாவோடு குடிவந்தார். செங்குத்தான மரப்படி. ஜன்னல் இல்லை, பகலிலேயே இருட்டு. அதனால் படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச். கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். அதற்கு இரண்டுக்கும் நடுவே கம்பி ஓட வேண்டும். பால்காய்ச்சிக் குடிபுகுவதற்கு முந்தின நாள், வயரிங் செய்த சிவசங்கரனுக்குக் கம்பி தீர்ந்துவிட்டது. கடையும் சாத்தியாயிற்று. விடிந்தால் சொந்தபந்தம் வரும், சுவரில் ஓட்டை தெரியக் கூடாது. சிவசங்கரன் வெறும் சுவிட்சை மேலே வைத்துத் திருகி மூடிவிட்டான். பின்னால் கம்பியே இல்லை. மறுநாள் நாலு பேர் முன்னால் ஸ்வர்ணலதா அவனுக்குப் புது வேட்டி கொடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பிறகு ஆலுவாவில் பெரிய வேலை வந்தது. ஒருநாள் படகுத்துறையில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மேல உள்ள சுவிட்சு காட்சிக்கு வச்சதா? டக்குடக்குன்னு சத்தம் மட்டும் நல்லாருக்கு."

"நாளைக்கு வாறேன் சேச்சி."

"உன் நாளைக்கு எந்த மாசத்துல வரும்னு சொல்லு, சாயா போட்டு வைக்கேன்."

சிரித்துக்கொண்டே படகில் ஏறினாள்.

அவன் போகவில்லை. ஒரு சாயங்காலம் செல்லதுரை டூட்டிக்குக் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் கீழே விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அவள் இருட்டில் இறங்கிக் கால் தவறியிருக்கிறாள்... கழுத்து முறிந்துவிட்டது.

சாவு வீட்டில் அந்த மனுஷன் தன் வலது கையைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தார். "நான்தான் அணைச்சேன். மேல எரியாதுன்னு தெரிஞ்சும் அணைச்சேன்." ஏன் எரியவில்லை என்று யாரோ கேட்டார்கள். பக்கத்தில் நின்ற சிவசங்கரன், "பழைய சுவரு... ஈரம் எறங்கியிருக்கும்" என்றான்.

அப்படிச் சொன்ன வாயோடுதான் இப்போது போகிறான்.

செல்லதுரை வாசலிலேயே நின்றார். முகத்தில் தாடி. "இப்ப நல்லா எரியுது தம்பி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேல டக்குன்னு கேக்குது... லைட்டு வருது. ஈரம் காஞ்சிருச்சோ?"

சிவசங்கரன் ஏறிப் போய்த் திருகாணியைக் கழற்றினான். சுவிட்சின் பின்னால் ஒன்றுமில்லை. அவன் வைத்தபடியே, வெறுமையாக... சிலந்தி நூல்கூட அறுபடவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பழைய கம்பிய மாத்திருதேன் அண்ணே" என்றான். மெயினை அணைத்து, பைக்குள் சுருட்டி வைத்திருந்த புதுக் கம்பியைக் குழாய்க்குள் இழுத்தான். யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான். அவர் அவனுக்குக் கை தளராமல் டார்ச் பிடித்தார். கம்பி மாட்டியானதும் மெயினைப் போட்டுவிட்டு, "இப்ப வாறேன்" என்று மழையில் இறங்கிப் போனார்.

இவன் மேல்படியில் நின்று சுவிட்சைப் போட்டான். எரிந்தது. மூச்சு விட்டான்.

கீழே... டக்.

அணைந்தது.

"அண்ணே?"

மழைச் சத்தம்தான். மறுபடி போட்டான். எரிந்தது. கீழே டக். இருட்டு. இன்னொரு தடவை போட்டான்... விரலை எடுக்கும் முன்னாலேயே கீழே டக்.

காய்ச்சின எண்ணெய் வாடை வந்தது, தலை குளித்த ஈரக் கூந்தலில் வருமே, அது. அடிப்படி கிறீச்சென்றது. அடுத்த படி... அதற்கடுத்தது. ஏறி வருகிறதா, யாரையாவது இறங்கி வரச் சொல்கிறதா, அவனுக்குத் தெரியவில்லை. மேல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சேச்சி..." என்றான். "மேல நான் கம்பியே வைக்கல சேச்சி. வெறும் சுவிட்சு. ஈரம்னு சொன்னது பொய். அண்ணன் மேல தப்பில்ல."

சத்தம் நின்றது.

டக். விளக்கு எரிந்தது. படியில் யாருமில்லை. படிக்குக் கீழே, முகத்தில் மழைநீர் வழிய, செல்லதுரை நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. எல்லாம் கேட்டுவிட்டார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"இத எங்கிட்ட சொல்லிருக்கலாமேடா," என்றார். சத்தம் போடவில்லை. "இத்தன நாளா நான் என் கையவே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

சிவசங்கரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மக்களே. தலையைக் குனிந்தான். கண் அவர் கைகளில் போய் நின்றது.

இரண்டு கையிலும் சாயா கிளாஸ், சுவிட்சைத் தொட ஒரு விரல்கூட மிச்சமில்லை. விளிம்பு வரைக்கும்... ஒரு சொட்டு சிந்தவில்லை.