கிரேக்கத்தில் கேட்டால் தருவேன்

என் கடையில் கண்ணாடி போட்டவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஒரே ஒரு விஷயத்தில்தான் முணுமுணுப்பு இருந்தது. பார்வையைச் சோதிக்கும் அட்டையில் கிரேக்க எழுத்துகளை எழுதி மாட்டியிருந்தேன். "இதென்னங்க, கண்ணு டெஸ்ட்டா, கணக்கு டெஸ்ட்டா?" என்று கேட்டுவிட்டு வாசலோடு திரும்பியவர்கள் உண்டு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன்.

அந்த எழுத்துகளை நான் முதலில் பார்த்தது பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில். மற்றவர்கள் கோணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது நான் தீட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டைக்குள் ஒரு கோடு, அவ்வளவுதான். அத்தனை அழகை அதற்குமுன் நான் கண்டதில்லை. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. பழைய புத்தகக் கடையில் இலக்கணம் வாங்கினேன், ஒலிநாடா போட்டு உச்சரிப்பைப் பழகினேன். அந்த நாட்டுக்குப் போக வசதி வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன் நின்று நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்வேன். ஒரு மொழியைத் தனி ஆளாக வைத்துக்கொண்டு வாழ்வது எத்தனை வேதனை என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கல்யாணமே செய்துகொண்டேன்.

அவள் நல்லவள். கல்யாணத்துக்கு முன்பே கேட்டேன், கற்றுக்கொள்வாயா என்று. சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தால் அது அவள் தப்பு.

வீட்டில் ஒரே ஓர் ஏற்பாடு செய்தேன். எது வேண்டுமானாலும் என்னிடம் கிரேக்கத்தில் கேட்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் உப்பு என் பக்கம் இருக்கும். "என்னங்க, அந்த உப்பை இப்படித் தள்ளுங்க" என்பாள். எனக்குக் காது கேட்காது. கிரேக்கத்தில் 'அலாதி' என்று சொன்னால் அடுத்த நொடியே தருவேன். கொஞ்ச காலம் உப்பில்லாமலே சாப்பிட்டுப் பார்த்தாள். அத்தனை பிடிவாதம். பிறகு வாசல் சாவி, அலமாரிச் சாவி, அவளுடைய செல்போன் என்று ஒவ்வொன்றாக என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். தேவை இருந்தால்தானே மொழி வரும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் அவள் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அத்தான், இது வீடா, ஜெயிலா? அக்கா வாயைத் திறக்கவே பயப்படுது" என்றான். காப்பி கொடுத்து அனுப்பினேன். இப்போது புகார் கொடுத்திருப்பவனும் அவன்தான்.

அவள் அம்மா இறந்த செய்தி வந்த அன்று தரையில் உட்கார்ந்து, "என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று அழுதாள். சாவுக்கான சொல்லை நான் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில்தான் வாயில் வந்தது. 'தானதோஸ்' என்றாள். உடனே வண்டியை எடுத்தேன். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் உச்சரிப்பு அவ்வளவு சுத்தம், வழியெல்லாம் பெருமையாக இருந்தது.

அவளுக்கு ஆஸ்துமா. அந்தப் பெயரே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். "உனக்கு முன்னாடியே உன் நெஞ்சு கிரேக்கம் படிச்சிருச்சு" என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. இன்ஹேலரைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுத் தேடுவாள். அதனால் அதையும் என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மங்கிப்போன எழுத்துகளுக்கு மை தடவிக்கொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னங்க... மூச்சு..." என்றாள். நான் நிமிரவில்லை. சட்டைப் பையைப் பிடித்தாள். கையை மெதுவாக விலக்கிவிட்டேன். நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சரிந்து கீழே உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் சொன்னாள், "தோஸ் மூ... பரகலோ." கொடுங்கள், தயவுசெய்து என்று அர்த்தம்.

அந்தத் தயவுசெய்து இருக்கிறதே, அதை நான் எடுத்துக்கொடுக்கவே இல்லை ஐயா. அவளாகச் சேர்த்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கண் கலங்கியது. இன்ஹேலரைக் கையில் எடுத்துவிட்டேன், மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் மண்டியிட்டு, இன்னொரு தடவை சொல் என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. அவள் பார்வை என்னைவிட்டு நகர்ந்த பிறகும் வெகுநேரம் அப்படியே காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை. தெரிந்த சொல்தான். நான் எவ்வளவு பாடுபட்டும் அந்த மொழிமேல் அவளுக்குக் கடைசிவரை ஒரு பிரியம் வரவேயில்லை.